தொட்டிக்காரரின் மறதி

"எனக்கு மூளை கெட்டுப் போச்சா இல்லையான்னு நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்" என்றார் வந்தவர்.

சர்வேயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். காப்பீட்டுக் கம்பெனிக்காக உடைந்த இயந்திரங்களைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. தெருவில் எது உடைந்தாலும், எது காணாமல் போனாலும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். ஆனால் தன் மூளையைச் சர்வே பண்ணச் சொல்லி ஒருவர் வந்து நிற்பது இதுதான் முதல் தடவை.

"அதுக்கு டாக்டர்கிட்ட இல்ல போகணும்?" என்று கேட்டது சர்வேயர் இல்லை, அவருடைய கொழுந்தியாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். மாணவர்கள் கியரோடு மல்லுக்கட்டாத நேரமெல்லாம் அக்கா வீட்டில்தான் இருப்பார். அத்தானுக்கு ஒரு வழக்கு வந்துவிட்டால் போதும், வீட்டில் கல்யாணம் என்பதுபோலப் பரபரப்பார்.

"போனேன்மா. தலையைப் படம் எடுத்துப் பார்த்துட்டு ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. ஒண்ணும் இல்லைன்னா ஏன் மறக்குது?"

வந்தவரின் இடது கை கழுத்திலிருந்து துணித் தொட்டிலில் தொங்கிக்கொண்டிருந்தது. தோள்பட்டை வீங்கியிருந்தது. ஊரில் அவரைத் தொட்டிக்காரர் என்றுதான் அழைப்பார்கள். அவரும் அவர் தம்பியும் பக்கெட் லாரி வைத்து மரம் வெட்டுகிறார்கள். லாரியின் முதுகில் மடங்கி நீளும் ஒரு பெரிய கை, அதன் நுனியில் ஆள் நிற்க ஒரு தொட்டி. அண்ணன் தொட்டியில் ஏறிப் போய்க் கிளையை வெட்டுவார். தம்பி கீழே நின்று கயிறு பிடிப்பார், நடமாடுகிறவர்களை ஒதுக்குவார், லாரியைக் கவனித்துக்கொள்வார். இந்த ஏற்பாடு ஆரம்பித்த நாளிலிருந்து மாறியதே இல்லை.

"முந்தாநாள் நூலகத்து முற்றத்துல வேலை" என்று ஆரம்பித்தார். "காலையில எப்பவும் போல லாரி ஆடாம நிக்க நாலு ஊன்றுகாலையும் இறக்கினேன், அடியில பலகை வச்சேன். அப்புறம் ஹோஸ் எல்லாத்தையும் அட்டை பிடிச்சுப் பார்த்தேன்."

"அட்டையா?" என்றார் கொழுந்தியாள்.

"அந்தக் கை எண்ணெய் அழுத்தத்துலதான்மா ஏறி இறங்குது. ஹோஸ்ல முடி அளவு ஓட்டை விழுந்தாலும் எண்ணெய் பீச்சும், கண்ணுக்கே தெரியாது. விரலை வச்சுத் தடவிப் பார்த்தோம்னா தோலுக்குள்ள ஊசி மாதிரி இறங்கிடும். விரலே போயிடும். அதனால என்ஜினை ஓடவிட்டு, ஒரு அட்டையைக் கிட்டத்துல பிடிச்சு நகர்த்திக்கிட்டே போவோம். ரொம்ப நாள் முன்னாடி ஒரு தடவை அகப்பட்டுச்சு. பிளேடால கீறின மாதிரி அட்டையில ஒரு கோடு. அன்னைக்கு லாரியைத் தொடவே இல்ல நான்."

"முந்தாநாள் என்ன தெரிஞ்சது?" என்றார் சர்வேயர்.

"ஒண்ணும் இல்ல. சுத்தமா இருந்துச்சு. எனக்கு அப்படித்தான் ஞாபகம்." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது குரல் இறங்கியது. "மத்தியானம் பெரிய கிளை ஒண்ணை அறுத்துக்கிட்டிருந்தேன். ரெண்டு கையும் ரம்பத்துல. திடீர்னு தொட்டி கீழே போச்சு. அப்புறம் மேலே ஒரு எவ்வு எவ்வி நின்னுச்சு. பாதி அறுத்த கிளை முறிஞ்சு என் தோள்ல அடிச்சு, அங்கேருந்து சைக்கிள் கொட்டகை மேல போய் விழுந்துச்சு. இடுப்புவார் மாட்டியிருந்ததால பிழைச்சேன். ஆஸ்பத்திரியில இருக்கும்போதுதான் சொன்னாங்க, லாரிக்குப் பக்கத்துல தரையெல்லாம் எண்ணெயாம். வண்டிக்குள்ள இந்த அட்டை கிடந்துச்சாம்."

சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். உள்ளங்கை அகலப் பழுப்பு அட்டை, ஓரத்தில் நீல மையில் ஏதோ படத்தின் ஒரு துண்டு. நடுவில் பெரிய நாணயம் போல வட்டமாக ஓர் எண்ணெய்க் கறை.

"இது நான் பிடிச்ச அட்டைதான். தினம் காலையில என் வீட்டுக்காரி ஒண்ணு வெட்டிச் சட்டைப் பையில வச்சு விடுவா. வேற யாருகிட்டயும் இது கிடையாது. அப்போ காலையிலேயே எண்ணெய் ஒழுகுறதைப் பார்த்திருக்கேன். பார்த்துட்டு, மறந்துட்டு, மேலே ஏறியிருக்கேன். எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. நாளைக்கு நகராட்சி மரப் பிரிவு அதிகாரி வந்து என் லைசென்ஸை என்ன பண்றதுன்னு முடிவு பண்றார்."

"லைசென்ஸ் போயிடும்னு பயமா?"

"போனா போகுது சார். நெஜமாவே பார்த்துட்டு ஏறியிருந்தா, நான் இனிமே ஸ்டூல் மேலகூட ஏறக் கூடாது. கீழே நின்ன என் தம்பி மேல அந்தக் கிளை விழுந்திருந்தா? ஆனா என் கண்ணுக்குள்ள அந்த அட்டை சுத்தமா இருக்கு. என் கண்ணை நான் நம்பலாமா வேண்டாமா? அது எனக்குத் தெரிஞ்சாகணும்."

"இதுக்கு முன்னாடி மறதி உண்டா?"

தொட்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். சில மாதங்களாகவே வீட்டில் அப்படித்தான் என்றார். அடுப்பை அணைக்காமல் போயிருக்கிறார். லாரிச் சாவி சர்க்கரை டப்பாவில் கிடந்திருக்கிறது. குளியலறைக் குழாய் விடிய விடிய ஓடியிருக்கிறது. எதுவுமே தான் செய்ததாக ஞாபகம் இல்லை.

"யாரு பார்த்துச் சொன்னது?"

"என் வீட்டுக்காரிதான். பாவம் அவ. வெளியில ஒருத்தருக்கும் தெரியாம மூடி மறைச்சு வச்சிருந்தா."

மூன்று பேரும் கொழுந்தியாளின் காரில் நூலகத்துக்குப் போனார்கள். அது பள்ளியின் கார். பக்கத்து இருக்கைக்கு அடியிலும் ஒரு பிரேக் உண்டு. வழியெல்லாம் அவர் ஒரு முடிவோடு இருந்தார்.

"மெக்கானிக்தான் அத்தான். இவர் சொன்னாரே, போன மாசம் ஹோஸ் மாத்தினது யாரு? அவன்தானே? மட்டமான ஹோஸைப் போட்டிருப்பான். கேஸ் முடிஞ்சது, திரும்பிடலாமா?"

"பெட்ரோல் போட்டாச்சு, போயிட்டு வந்துடுவோம்" என்றார் சர்வேயர்.

முற்றத்தில் லாரி அன்றைக்கு நின்ற இடத்திலேயே நின்றது. அதிகாரி பார்க்கும்வரை யாரும் தொடக் கூடாது என்று சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். மேலே கூரை போல மரம். கீழே காலை முழுக்க ரம்பம் ஓடியதில் கொட்டிய மரத்தூள், லாரியின் சக்கரம்வரை மெத்தையாகக் கிடந்தது. லாரிக் கையின் அடிப்பாகத்துக்குக் கீழே எண்ணெய் கறுத்துப் பளபளத்தது.

கொழுந்தியாள் ஆர்வத்தில் அதிலேயே காலை வைத்துவிட்டுச் செருப்பைப் பார்த்துப் புலம்பினார். சர்வேயர் குந்தி உட்கார்ந்து ஒரு குச்சியால் அந்த இடத்தை மெல்லக் கீறினார்.

"இங்க பாரு. மேல என்ன இருக்கு?"

"எண்ணெய். என் செருப்பைக் கேளுங்க, சொல்லும்."

"அதுக்குக் கீழே?"

"மரத்தூள். காஞ்ச தூள்."

"தரை?"

"தரையும் காஞ்சுதான் இருக்கு. அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல, கேட்டேன்" என்று எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

லாரியின் பக்கவாட்டில் வரிசையாகச் சில லீவர்கள் இருந்தன. அவை எதற்கு என்று சர்வேயர் கேட்டார். மேலே போனவர் மயங்கி விழுந்தால் கீழே இருப்பவர் தொட்டியை இறக்க வேண்டுமே, அதற்குத்தான் என்றார் தொட்டிக்காரர். "மேலே என் காலடியில ஒரு பெடல் இருக்கு. அதை மிதிச்சாதான் என் லீவர் வேலை செய்யும். ரம்பத்தை எடுத்தேன்னா காலைத் தூக்கிடுவேன். ஆனா கீழ இருக்கிற லீவருக்கு அதெல்லாம் கிடையாது. மேல இருக்கிறவன் என்ன பண்ணினாலும் கீழ இருக்கிறவன் கைதான் ஜெயிக்கும். நான் கூப்பிட்டாலொழிய என் தம்பி அதைத் தொட மாட்டான்."

நூலகக் காவலாளிக்கு நடந்ததைச் சொல்ல ஆள் கிடைத்ததில் ஏக சந்தோஷம். கிளை விழுந்த சத்தத்தில் உள்ளே படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் மேசைக்கு அடியில் புகுந்துவிட்டார்கள் என்றார். ஆம்புலன்ஸ் வந்தது, தம்பிதான் அதில் கூடப் போனார்.

"சம்சாரம் போகலையா?" என்றார் சர்வேயர்.

"சாப்பாடு எடுத்துக்கிட்டு அப்பத்தான் வந்தாங்க. ஐயோன்னு விழுந்து அழுதாங்க. நீங்களும் போங்கம்மான்னு சொன்னேன். லாரியை அநாதையா விட்டுட்டுப் போக முடியாதுன்னு நின்னுட்டாங்க. அழுதுகிட்டே லாரியைச் சுத்திச் சுத்தி வந்தாங்க, உள்ளே ஏறி உட்கார்ந்தாங்க. பாவம், அப்படி ஒரு பொம்பளை கிடைக்கணுமே! தரையெல்லாம் எண்ணெய்ன்னு முதல்ல பார்த்துச் சொன்னதும் அவங்கதான்."

தொட்டிக்காரரின் கண் கலங்கிவிட்டது. சர்வேயர் வேறு பக்கம் பார்த்தார்.

கொழுந்தியாளுக்கு ஒரு வண்டியைக் கண்டால் ஓட்டுநர் இருக்கையில் ஏறாமல் இருக்க முடியாது. ஏறிக் கதவைச் சாத்தினார். "பழைய வண்டியா இருந்தாலும் கண்ணாடி ஆடலையே" என்று மெச்சிக்கொண்டார். பிறகு, "ஓ, சொருகி வச்சிருக்காங்க" என்று கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவிலிருந்து எதையோ உருவினார்.

உள்ளங்கை அகலப் பழுப்பு அட்டை. இரண்டு பக்கமும் துளிக் கறை இல்லை.

"அது நான்தான்..." தொட்டிக்காரர் தடுமாறினார். "கண்ணாடி கடகடன்னு ஆடும். ஹோஸ் பார்த்து முடிச்சதும் அன்னன்னைக்கு அட்டையை அதுல சொருகிடுவேன். பழசை வீசிடுவேன். கை தானா செய்யும், நினைச்செல்லாம் செய்யறதில்ல. அப்போ... இது முந்தாநாள் அட்டை. நான் பார்த்தது சரி. சார், நான் பார்த்தது சரி!"

அறுபதை நெருங்கும் மனிதர் குழந்தை மாதிரிச் சிரித்தார். ஒற்றைக் கையால் சர்வேயரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சர்வேயர் சிரிக்கவில்லை. இரண்டு அட்டைகளையும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"உங்களுக்கு மூளை நல்லா இருக்கு. அதை நான் இப்பவே எழுதித் தர்றேன். இதோட நிறுத்திக்குவோமா?" என்றார்.

"ஏன்?"

"மிச்சத்தையும் தெரிஞ்சுக்கணுமான்னு கேட்கிறேன்."

"மூளை கெட்டுப் போறதைவிட மோசமா என்ன சார் இருக்கப் போகுது? வாங்க வீட்டுக்கு, அவகிட்ட சொல்லணும். ரொம்ப சந்தோஷப்படுவா."

அவர் வீட்டு முன்னறை சின்னதுதான், துடைத்து வைத்தாற்போல இருந்தது. சுவரோரம் ஒரு மின்விசிறி வந்த அட்டைப் பெட்டி. அதில் ஒரு பக்கம் முக்கால்வாசி வெட்டுப்பட்டிருந்தது. மேலே கத்தரிக்கோல். மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். தம்பி கதவோரம் நின்றார். அண்ணனைவிட அகலமான ஆள், ஆனால் நிற்கும்போது பாதி இடத்தைத்தான் எடுத்துக்கொள்வார்.

"எனக்கு மறதி இல்லையாம்" என்று தொட்டிக்காரர் அறிவித்தார். மனைவி காபித் தட்டைப் பிடித்தபடியே நின்றார். சந்தோஷம் உடனே வரவில்லை. கொழுந்தியாள் அதைக் கவனித்துவிட்டு, சொல்ல வைத்திருந்த மெக்கானிக் கதையை விழுங்கிக்கொண்டார்.

சர்வேயர் காபியைத் தொடாமல் பேச ஆரம்பித்தார்.

"எண்ணெய் காலையிலேருந்து ஒழுகுச்சுங்கிறாங்க. அப்படின்னா முதல்ல தரை நனையணும். அதுக்கு மேலதான் மத்தியானம்வரைக்கும் தூள் விழணும். அங்க தூளுக்கு மேல எண்ணெய் இருக்கு. அடியில காய்ஞ்சு கிடக்கு. வெட்டு எல்லாம் முடிஞ்சப்புறம் யாரோ கொண்டுவந்து ஊத்தினது அது."

"மத்தியானம்தான் ஹோஸ் உடைஞ்சிருக்கும்" என்றார் தம்பி.

"இருக்கலாம். ஒழுகினா தொட்டி கீழே இறங்கும். உங்க அண்ணன் தொட்டி இறங்கிட்டு மேலே ஒரு எவ்வு எவ்வுச்சு. ஒழுகின எண்ணெய் ஆளை மேலே தூக்குமா தம்பி?"

தம்பி கதவின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சர்வேயர் கொழுந்தியாளைப் பார்த்தார். "உன் கார்ல, ஓட்டுறவனுக்குத் தெரியாம வண்டி நின்னா என்ன அர்த்தம்?"

"நான் என் பக்கத்து பிரேக்கை மிதிச்சேன்னு அர்த்தம்" என்றார் அவர். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. மெல்லத் தம்பியின் பக்கம் திரும்பினார்.

"அவர் ரெண்டு கையும் ரம்பத்துல, கால் பெடல்ல இல்ல. கீழ இருந்த லீவர்தான் தொட்டியை இறக்குச்சு. கிளை முறியுற சத்தம் கேட்டதும் பயந்துபோய் அதே கை மேலே தள்ளுச்சு."

"டேய்" என்றார் தொட்டிக்காரர். அவ்வளவுதான் சொன்னார்.

"ஆனா அட்டையில கறை வச்சது தம்பி இல்ல" என்று சர்வேயர் தொடர்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஹோஸ் பக்கத்துலேயே வாழ்ந்தவர் அவர். அழுத்தத்துல பீச்சுற எண்ணெய் கோடாத்தான் கீறும்னு அவருக்குத் தெரியும். இது வட்டமா, மேலேருந்து சொட்டு விட்ட கறை. அட்டை எதுக்குன்னு நல்லாத் தெரிஞ்ச, ஆனா எண்ணெய் பீச்சின அட்டையைக் கண்ணால பார்க்காத ஒருத்தர் செஞ்சது."

இரண்டு அட்டைகளையும் மேசைமேல் வைத்து ஓரத்தோடு ஓரம் சேர்த்தார். நீல மையில் அச்சான மின்விசிறியின் ஓர் இறக்கை, இந்த அட்டையில் ஆரம்பித்து அந்த அட்டையில் முடிந்தது. ஒன்றை அடுத்து ஒன்றாக, ஒரே நேரத்தில் வெட்டியவை. ஒன்று சட்டைப் பைக்கு, இன்னொன்று சாப்பாட்டுப் பைக்கு.

தொட்டிக்காரர் அட்டைகளைப் பார்த்தார். சுவரோரப் பெட்டியைப் பார்த்தார். மனைவியை மட்டும் பார்க்கவில்லை.

"இல்லைன்னு சொல்லு" என்றார்.

அவர் மனைவி தட்டை மேசையில் வைத்தார். குரல் நடுங்கவில்லை.

"பொண்ணு கல்யாணம் முடியட்டும், இறங்கிடறேன்னீங்க. முடிஞ்சது. பேரன் பிறக்கட்டும்னீங்க. பிறந்தான். தினம் மத்தியானம் சாப்பாட்டுப் பையைப் பிடிச்சுக்கிட்டு அண்ணாந்து பார்த்துக்கிட்டு நிக்கிறேன் நான். கிளை முறியுற சத்தம் கேட்டா உயிர் போயிட்டு வருது. அழுதேன், கேட்கலை. சண்டை போட்டேன், கேட்கலை. உங்களுக்கே உங்க மேல நம்பிக்கை போனாத்தான் இறங்குவீங்கன்னு தோணுச்சு. லேசா ஒரு ஆட்டம் ஆட்டிவிடு, அது போதும்னுதான் தம்பிகிட்ட சொன்னேன்."

"அடிபட்ட அப்புறமும் எண்ணெயை ஊத்தினியா? என்னை ஆம்புலன்ஸ்ல ஏத்தினப்புறம்?"

"ஊத்தினேன்" என்றார். "அன்னைக்கு விட்டா இனிமே என்னைக்கும் உங்களை இறக்க முடியாதுன்னு ஊத்தினேன்."

உண்மையைச் சொன்னால், அந்தப் பதிலில் அன்பும் இருந்தது. அதனால்தான் அதைக் காதுகொடுத்துக் கேட்க முடியவில்லை. கொழுந்தியாளே தலையைக் குனிந்துகொண்டார்.

தொட்டிக்காரர் தம்பியிடம் திரும்பினார். "அண்ணி கேட்டா நீ செய்வியா?"

தம்பி கதவைப் பார்த்தபடி சொன்னார்: "அண்ணி கேட்டதுக்காக மட்டும் இல்லண்ணே. எத்தனை வருஷம் நான் கீழேயே நின்னு உன் தூளைத் தலையில வாங்குறது? நீ இறங்கினா நான் ஏறலாம்னு..."

"நீ ஏறவா?" என்று அண்ணி அலறினார். "ரெண்டு பேரும் லாரியை விட்டுடலாம்னு சொன்னியேடா என்கிட்ட!"

அவரையும் ஒருவர் ஏமாற்றியிருந்தார். ஆனால் அந்த அறையில் அவருக்காக இரக்கப்பட யாருக்கும் தெம்பு இல்லை.

தொட்டிக்காரர் மேசைமேல் இருந்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்தார். பிறகு மனைவியைக் கேட்டார்: "சர்க்கரை டப்பாவுல சாவி?"

அவர் தலையாட்டினார்.

"அடுப்பு? குழாய்?"

அதற்கும் தலையாட்டினார்.

"தினம் குளிக்கும்போது கதவைச் சாத்திக்கிட்டு நம்ம பிள்ளைங்க பேர், பேரன் பேர், உன் பேர் எல்லாத்தையும் ஒருதடவை சொல்லிப் பார்ப்பேன். ஞாபகம் இருக்கா போயிடுச்சான்னு. கடைசியா உன் பேர் மறந்தாகூடப் பரவாயில்ல, நீ பார்த்துக்குவேன்னு நினைச்சுக்குவேன்."

மனைவி அப்போதுதான் அழுதார். அழுகை வந்த வேகத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் எழுப்பப் போகவில்லை.

சர்வேயர் எழுந்தார். "நாளைக்கு அதிகாரிகிட்ட நான் எல்லாத்தையும் சொல்லிடறேன். உங்க பேர்ல தப்பில்ல. லைசென்ஸ் உங்ககிட்டயே இருக்கும். தோள் சரியானதும் நீங்க தாராளமா மேலே ஏறலாம்."

தொட்டிக்காரர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். பிறகு மனைவியையும் தம்பியையும், ஒருவர் பின் ஒருவராக.

"மேலே போக எனக்கு எப்பவுமே பயம் இருந்ததில்ல சார்" என்றார். "கீழே யாரை நிறுத்திட்டுப் போறது?"

மேசைமேல் காபி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.